அக்கா வீட்டுக்குப் போக ஒரு தேர்தல்

தென்காசி நகராட்சியில் எங்கள் வார்டுக்கு நான் கவுன்சிலர் வேட்பாளராக நின்றேன். ஊருக்கு உழைக்க நிற்பதாக நோட்டீஸில் அடித்திருந்தேன். நோட்டீஸில் அப்படித்தான் அடிப்பார்கள். உண்மையில் நான் நின்றது எங்கள் அக்கா வீட்டு கேட்டைத் தட்டுவதற்கு. ஏழு வருஷமாக அக்கா என்னோடு பேசவில்லை. அவள் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நடந்தால் ஒரு பீடி முடிவதற்குள் போய்விடலாம்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான்காம் வகுப்பு வரை படித்தேன். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் நல்ல மனிதர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குற்றாலம் மெயின் அருவிப் பக்கம், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். சீசன் முடிந்துவிட்டால் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போவேன். முப்பது வருஷமாக முதுகைப் பார்த்தே பிழைத்ததில் எனக்கு ஆட்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது. சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றால் ஊர், பேர், எந்த வருஷம் வந்தார் என்பது வரை சொல்லுவேன்.

எண்ணெய் தேய்க்கிறவனுக்குக் கை எவ்வளவு முக்கியமோ வாயும் அவ்வளவு முக்கியம். முதல் முறை வருகிறவர் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல்லில் படுத்திருப்பார். ஒரு சிரிப்பு சிரிக்க வைத்துவிட்டால் தோள் தானாக இளகும். அப்படி ஊரான் தோளையெல்லாம் இளக்கி இளக்கி, எந்த இடத்தில் வாயைத் திறக்கலாம், எந்த இடத்தில் மூடலாம் என்கிற கணக்கு எனக்கு அழிந்துபோய்விட்டது.

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், பதினேழு வருஷம் மிலிட்டரியில் இருந்து வந்தவர். முறுக்கு மீசை. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவரைக் கூப்பிடுவார்கள். பனியைப் பற்றிப் பேசுவார், மலையைப் பற்றிப் பேசுவார். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. கேட்கிறவர்கள்தான் அவர் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து பார்டரில் நிறுத்திவைத்திருந்தார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு சீசனில் அத்தான் அருவிக்குள் நிற்கும்போது, அக்கா என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தாள். "அத்தான் எத்தனை சண்டை பாத்திருப்பாருக்கா" என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிராத. அவரு அங்கன மெஸ்ஸுல சமையல்தான்லே" என்றாள். அதற்கு மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அருவிச் சத்தம்.

பிறகு அக்கா மகளுக்குச் சடங்கு வந்தது. தாய்மாமன் நான்தான். மண்டபம் நிறைய ஆள். தாய்மாமன் நாலு வார்த்தை பேசட்டும் என்று யாரோ மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவன் யாரென்று இன்று வரை தேடுகிறேன்.

"எங்க அத்தான் பார்டர்ல நின்னாருன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அவரு நின்னது அடுப்பு முன்னால. எதிரி வந்திருந்தாலும் கரண்டியை வச்சுதான் அடிச்சிருப்பாரு. இன்னைக்குப் பந்தியில சாம்பாரு நல்லா இருந்துச்சுன்னா ஆரு கைப்பக்குவம்னு கேக்காதீங்க."

மண்டபமே சிரித்தது. நான் பேசி அவ்வளவு பெரிய கூட்டம் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியே போனதை நான் கவனிக்கவில்லை. இரண்டு பந்தி சாப்பிட்டேன்.

மறுநாள் போனேன். கேட் பூட்டியிருந்தது. கூப்பிட்டேன். அக்கா உள்வாசல் வரை வந்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பி உள்ளே போய்விட்டாள். அத்தான் உத்தரவு போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். மிலிட்டரிக்காரர் உத்தரவு என்றால் லேசில் மாறாது, ஒரு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஏழு வருஷம் ஆனது.

எங்கள் பக்கம் உடன்பிறந்தவளுக்குப் பொங்கப்படி கொடுக்க வேண்டும். அரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சள்குலை, கரும்பு. ஒவ்வொரு தை மாதமும் கொண்டுபோய் அவள் கேட் ஓரத்தில் வைத்துவிட்டு வருவேன். மறுநாள் காலையில் அது தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் இருக்கும். ஐயருக்கு ஏழு வருஷம் பொங்கப்படி கொடுத்த உடன்பிறப்பு நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவளும் பாருங்கள், தூக்கி எறியவில்லை. எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மார்க்கெட்டில் பார்ப்பேன், கோயில் வாசலில் பார்ப்பேன். என்னைக் கண்டதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆக எனக்குக் கிடைத்தது அவள் முதுகுதான். தொழில்காரன் என்பதால் அதிலேயே எல்லாம் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டேன். வலது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது, பையை அந்தப் பக்கமே தூக்குகிறாள். இந்த வருஷம் மெலிந்திருக்கிறாள். கழுத்தைச் சாய்த்து நடக்கிறாள், தூக்கம் சரியில்லை. தேய்த்துவிட்டால் இரண்டு நாளில் சரியாகும் என்று யாரிடம் சொல்ல.

சீசனில் சாரல் விழும் நேரத்தில்தான் அவளை ரொம்பத் தேடும். முன்பெல்லாம் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். கூட்டம் சேருவதற்கு முன்னால் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு ஃபிளாஸ்க்கில் இருந்து எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுப்பாள். நான் யாருக்காவது தேய்த்துக்கொண்டே வாயடித்தால், "வந்தவரு குளிக்க வந்தாரா, உங் கதையைக் கேக்க வந்தாரா" என்பாள். இப்போதும் காலையில் முதல் பஸ் வந்து நின்றால், கையில் எண்ணெயோடு நிமிர்ந்து பார்ப்பேன். படுத்திருக்கிறவர், "என்னப்பா, நிறுத்திட்டே" என்பார்.

இந்த நிலைமையில்தான் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள்.

எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுக் கேட்டு ஒருத்தன் வாசலில் வந்து நின்றுவிட்டால், அவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்டுத்தான் அனுப்புவார்கள். வேட்பாளரும் ஒரு வீட்டை விடக் கூடாது. விட்டால் அந்த வீட்டுக்காரரை அவமானப்படுத்தியதாக அர்த்தம். போன தேர்தலில் கோர்ட்டில் கேஸ் நடத்திக்கொண்டிருந்த இரண்டு பங்காளிகளில் ஒருத்தர் நின்றார். மற்றவர் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு அம்மா ஆரத்தி எடுத்து, பொட்டு வைத்து, மோர் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். அதை என் கண்ணால் பார்த்தவன் நான்.

அப்படியென்றால் நான் நின்றால், அக்கா வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"உள்ள வாயை வச்சு ஒரு அக்காவைப் போக்கிக்கிட்டீங்க. இனி வார்டு பூராத்தையும் போக்கிக்கிடணுமாக்கும்."

"ஜெயிக்கவா நிக்கேன். ஒம் மைனி, எங்க அக்கா வீட்டுக்குப் போறதுக்குத்தானட்டி."

அவள் உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். பிறகு, "அப்பம் நல்ல சட்டையா ஒன்னு எடுத்துக்கிடுங்க" என்றாள்.

குற்றாலத்தில் எனக்குப் பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் சிநேகிதன் ஒருவன் உண்டு. எங்கள் தெருக்காரன்தான். அவன் என்னை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டான். நகராட்சி ஆபீஸில் மனுவைப் பார்த்த அதிகாரி, "கல்வித் தகுதி?" என்று கேட்டார். "நாலாப்பு சார். பாஸா பெயிலான்னு வாத்தியார்தான் சொல்லணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அங்கே சிரித்தால் மனு தள்ளுபடி ஆகிவிடுமோ என்னவோ.

சின்னத்தில்தான் என் படிப்பு வேலையைக் காட்டியது. நான் கேட்டது தென்னை மரம். அதையே இன்னொருத்தரும் கேட்டார். குலுக்கலில் அவருக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்த படங்களை ஒரு தாளில் காட்டி, சீக்கிரம் சொல்லும் என்றார்கள். ஜெராக்ஸ் எடுத்து எடுத்துக் கறுத்துப்போன தாள். படத்துக்குக் கீழே எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. வட்டமாக, நீளக் கைப்பிடியோடு ஒரு படம் தெரிந்தது. டென்னிஸ் பேட் என்று நினைத்தேன். விளையாட்டு வீரன் மாதிரி இருக்கட்டுமே என்று அதன்மேல் விரலை வைத்தேன்.

"வாணலியா? சரி" என்று அதிகாரி எழுதிவிட்டார்.

"சார், அது பேட் இல்லியா?"

"அடுத்த ஆள் வாங்க."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். சிப்ஸ் சிநேகிதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நமக்குன்னே செஞ்ச சின்னம்லே. எங் கடைச் சட்டி ஒன்னு சும்மாதான் கெடக்கு, அதையே தூக்கிட்டுப் போவோம்" என்றான். அவனுக்கு என்ன தெரியும். சமையல்காரர் என்று மைக்கில் கேலி செய்த அத்தான் வாசலுக்கு, நான் சமையல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தென்காசியில் அத்தனை பேரும் இரண்டாவது தடவையும் சிரிப்பார்கள். இந்த முறை நான் வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லுவார்கள்.

ஓட்டுக் கேட்கக் கிளம்பினோம். கூட்டம் என்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சட்டியும். அவன் கரண்டியால் சட்டியைத் தட்டுவான், நான் கும்பிடுவேன். முகம் தெரியாத கஷ்டம் அப்போதுதான் புரிந்தது. ஒரு வீட்டில் பேங்க்கில் வேலை பார்க்கும் ஐயா ஒருவர், "என்னைத் தெரியலையா" என்று கேட்டார். "ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்புங்க சார்" என்றேன். திரும்பினார். "போன ஆடியில வந்தீங்க. இடுப்புல பிடிப்பு. கூட வந்தவங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிருச்சு" என்றேன். உள்ளே இருந்து அவர் வீட்டம்மா, "போன ஆடியிலயா? கூட ஆரு?" என்று கேட்டாள். அந்த வீட்டில் எனக்கு ஓட்டு இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

இப்படி ஒவ்வொரு தெருவாக முடித்தோம், அக்கா தெருவைத் தவிர. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பிரச்சாரம் முடிகிற கடைசி நாள் காலை வரை தள்ளினேன். அதற்கு மேல் தள்ள நாள் இல்லை.

"இந்தத் தெருவுக்கு மட்டும் சட்டி வேண்டாம்லே. பையில வச்சுக்கோ" என்றேன்.

"சின்னத்தைக் காட்டாம எப்படிலே ஓட்டுக் கேக்கது?"

"கேட்டுப் பாப்போம். போடுததும் போடாததும் அவங்க பாடு."

நல்ல சட்டை போட்டிருந்தேன். கேட்டைத் தட்டினேன். உள்ளே கம்பிக்கதவுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கியது. அத்தான் வந்தார், கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். மீசை நரைத்திருந்தது. நோட்டீஸை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"என்ன சின்னம் மாப்ள?"

"சும்மா ஒரு சின்னம் அத்தான்."

"சும்மான்னு ஒரு சின்னமா?"

அதற்குள் பின்னால் இருந்தவன் பையில் இருந்து எடுத்துவிட்டான். "வாணலி அண்ணாச்சி, வாணலி" என்று சட்டியில் மூன்று தட்டுத் தட்டினான். தெருவே எட்டிப் பார்த்தது. அத்தான் சட்டியை உற்றுப் பார்த்தார்.

"இரும்புதான?"

"சுத்த இரும்பு அண்ணாச்சி. இருபது வருஷச் சட்டி."

"பாத்தாலே தெரியுது" என்றார் அத்தான். நோட்டீஸை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் திரையைப் பார்த்து, "எக்கா, ஓட்டுக் கேக்க வந்திருக்கேன்" என்றேன். திரை அசைந்தது. ஆளா ஃபேன் காற்றா தெரியவில்லை. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அது நாலு விசில் அடிக்கிற வரை நின்றேன். யாரும் வரவில்லை. இந்த வார்டில் ஆரத்தி இல்லாமல் நான் திரும்பிய ஒரே வாசல் அதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "போயும் போயும் அவுக வாசல்ல போயி சட்டியைத் தட்டிட்டு வந்திருக்கீங்களே."

ஓட்டு எண்ணினார்கள். எனக்கு முப்பத்திச் சொச்சம். ஜெயித்தவரை மாலையும் மேளமுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். "நம்ம வார்டுல நீ எண்ணெய் தேச்ச முதுகே எறநூறு இருக்கும்லே. அதுல பாதி கூட விழலியே" என்று சிப்ஸ்காரன் வருத்தப்பட்டான். நான் வருத்தப்படவில்லை. நான் கேட்டது ஒரு வீட்டில். அங்கே கேட் திறக்கவில்லை. மற்றதை எண்ணி என்ன செய்ய.

தோற்றவர்கள் பத்து நாள் தலை காட்ட மாட்டார்கள். ஜெயித்தவர்தான் வீடு வீடாக நன்றி சொல்லப் போவார். மூன்றாம் நாள் காலையில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. நன்றி சொல்லப் போனாலும் ஒரு வீட்டை விடக் கூடாதே.

"தோத்தவன் நன்றி சொல்லப் போயி எங்கயாவது பாத்திருக்கியாலே?" என்றான் சிப்ஸ்காரன்.

"இங்கன பாத்துக்கோ."

அவன் வரவில்லை. நல்லதாகப் போயிற்று, சட்டியும் வரவில்லை. தனியாகப் போனேன். தெருவெல்லாம் சிரித்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால் எல்லா வீட்டிலும் நன்றி சொன்னேன். சிலர் வெட்கப்பட்டுக் காப்பி கொடுத்தார்கள். எட்டுக் காப்பி குடித்த வயிற்றோடு அக்கா தெருவுக்குள் நுழைந்தேன்.

அக்கா கேட்டுக்கு உள்ளே படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அத்தானைக் காணவில்லை. பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தார் போல. என்னைப் பார்த்ததும் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஓட்டுப் போட்டதுக்கு நன்றி சொல்ல வந்தேன்க்கா."

"நான் போடலை."

ஏழு வருஷத்துக்குப் பிறகு இரண்டு வார்த்தை.

"போடாததுக்கும் நன்றிக்கா."

"இந்த வாய் இருக்கு பாரு." ஒரு ஈர்க்கை உருவிப் போட்டாள். "அவரு போட்டாரு. உஞ் சட்டிக்கு."

"அத்தானா?"

"அவருக்கு ஒம்மேல என்ன கோவம். மண்டபத்துல இருந்து வந்து மோரைக் குடிச்சிட்டுப் படுத்தாரு. நாலு நாள் முறுக்கிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் அவரே கேக்காரு, 'ஒந்தம்பி என்ன பொய்யா சொல்லிட்டான்?'னு."

"அப்பம் ஏங்க்கா இத்தனை வருஷம்?"

"எனக்குத்தான் ஆகலை."

அடுத்த ஈர்க்கை எடுத்தாள்.

"அன்னைக்கு அருவியில உக்காந்து நான் ஒன்ட்ட என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்" என்றாள்.

"அத்தான் மெஸ்ஸுல சமையல்னு சொன்ன."

"அது மட்டுமா சொன்னேன்?"

யோசித்தேன். அருவிச் சத்தம்தான் ஞாபகத்தில் இருந்தது. அவள் முதன்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பனியில விடியுததுக்கு முன்ன எந்திச்சு, அத்தனை பேருக்கு மாவு பிசைஞ்சு பிசைஞ்சு அவரு விரல் பத்தும் மரத்துப் போச்சு. இன்னைக்கும் சட்டைப் பொத்தான் போட வராது, நான்தான் போட்டுவிடுதேன். அதைச் சொன்னேன். அழுதுக்கிட்டே சொன்னேன். நீ கரண்டியை மட்டும் எடுத்துக்கிட்டு மைக்குக்குப் போயிட்ட."

சொல்லியிருக்கிறாள். சத்தியமாகச் சொல்லியிருக்கிறாள். அத்தான் சமையல் என்று கேட்ட நிமிஷமே என் மண்டைக்குள் கேலி தயாராகத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை. பழியை அருவிமேல் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"அவரு என்னைத் தவிர ஆருகிட்டயும் சொன்னதில்ல. என்னைப் பாத்து, 'ஒன்ட்ட மட்டும்தானட்டி சொன்னேன்'னு ஒரு தடவை கேட்டாரு. ஒரே ஒரு தடவை. நான் அவரு மூஞ்சில எப்படி முழிச்சிருப்பேன்" என்றாள்.

எப்போதும் ஏதாவது ஒன்று நாக்கு நுனியில் வந்து நிற்கும். அன்று ஒன்றும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. மன்னிப்பையும் நான் சிரிப்பாகத்தான் கேட்டுப் பழகியிருக்கிறேன். அவள் கீரை முழுவதும் உருவி முடிக்கிற வரை கேட்டுக்கு வெளியே நின்றேன். கீரையை வாரிக்கொண்டு எழுந்தவள், உள்ளே போகாமல் கேட்டுப் பக்கம் வந்தாள்.

"ஒன்னு சொல்லுதேன். கேட்டுக்கோ" என்று என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். பெரிய விஷயம் இல்லை. வீட்டு விஷயம். சொல்லி முடித்துவிட்டு, "இது வெளிய போச்சுன்னா அதோட சரி" என்றாள். கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், "மைனி பேசுனாவளா, என்ன சொன்னாவ?" என்று வீட்டுக்காரி கேட்டாள். "ஓட்டுப் போடலையாம்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அத்தானைப் பார்த்தேன். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஊரு சிரிச்சு முடிச்சாச்சு. விரலையும் சேத்து எழுது. ஒங்க அக்காட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். அதனால் எழுதியிருக்கிறேன்.

அக்கா கேட்டுப் பக்கம் வந்து சொன்ன விஷயத்தை மட்டும் எழுதவில்லை. நாலு மாதம் ஆகிறது. மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்போது சிப்ஸ்காரன் வந்து கிளறிப் பார்க்கிறான், டீ வாங்கிக் கொடுத்துக் கிளறுகிறான். என் வாயில் நாலு மாதம் தங்கிய முதல் விஷயம் இதுதான். அது பத்திரமாக இருக்கிறது என்று அக்காவுக்கு எப்படித் தெரிவிப்பது என்றுதான் தெரியவில்லை. ஒருத்தன் பேசுவது நாலு தெருவுக்குக் கேட்கும். பேசாமல் இருப்பது யாருக்குக் கேட்கும்.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் தெரு வழியாகத்தான் போகிறேன். கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அந்த வீட்டைக் கடக்கும்போது வாயை நன்றாக மூடிக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன்.